வெப்பத்தின் கணக்கில் ஷேடு

தெர்மல் போட்டோ பிரிண்டர் விற்கும் எந்த விளம்பரத் தாளை எடுத்தாலும் அதில் ஒரு வரி தவறாமல் இருக்கும்: 1.67 கோடி நிறங்கள். மஞ்சள், மெஜந்தா, சயான் என்று மூன்று சாயங்கள், ஒவ்வொன்றுக்கும் 256 படிகள், மூன்றையும் பெருக்கினால் 1,67,77,216. கணக்கில் பிழை இல்லை. ஆனால் அதே பிரிண்டரில் மாலை வானத்தையோ, ஒரு பக்க வெளிச்சத்தில் எடுத்த முகத்தையோ அச்சடித்துப் பார்த்தால், தெரியாமல் மாறவேண்டிய நிறம் பட்டை பட்டையாக நிற்பதுண்டு. கோடிக்கணக்கில் நிறம் தரும் கருவிக்கு ஒரு கன்னத்தின் மேடுபள்ளத்தைக் காட்ட ஷேடு போதாமல் போவது எப்படி? அதைச் சரிசெய்ய நாற்பது ஆண்டுகளாக என்னென்ன செய்துபார்த்திருக்கிறார்கள்? எது பலித்தது, எது விளம்பரத்தோடு நின்றது?

முதலில் கருவியின் உள்ளே என்ன நடக்கிறது என்று பார்த்துவிடலாம். 1981 ஆகஸ்டில் சோனி நிறுவனம் மாவிகா என்ற மின்னணுக் கேமராவின் முன்மாதிரியைக் காட்டியது. அது எடுக்கும் படத்தைக் காகிதத்தில் கொண்டுவர அடுத்த ஆண்டு அறிவித்த கருவிதான் மாவிகிராஃப். இன்று ஸ்டுடியோக்களிலும் கல்யாண மண்டபத்து போட்டோ பூத்களிலும் ஓடும் டிஎன்பி, மிட்சுபிஷி, ஹைடி பிரிண்டர்களும், வீட்டு மேசைக்கு வந்த கேனன் செல்ஃபியும் அதே வழியில் வந்தவை. முடியைவிடப் பல மடங்கு மெல்லிய பாலியெஸ்டர் ரிப்பனில் சாயம் பூசியிருக்கும். ரிப்பனின் முதுகில் ஹெட் அழுத்தும், முகம் காகிதத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும். ஹெட் என்பது ஒரு வரிசையில் நிற்கும் நுண்ணிய மின்தடைகள்; அங்குலத்துக்கு 300. 6 அங்குல அகலத்துக்கு 1844 புள்ளிகள் என்பது பரவலான அளவு. ஒவ்வொரு மின்தடையும் எவ்வளவு நேரம் சுடுகிறதோ அதற்கேற்ப அந்தப் புள்ளியில் சாயம் ரிப்பனிலிருந்து காகிதத்தின் ஏற்பு அடுக்குக்குள் ஊடுருவுகிறது. மஞ்சள் முடிந்ததும் காகிதம் பின்னால் போய்த் திரும்பி வந்து மெஜந்தா, பிறகு சயான், கடைசியில் பாதுகாப்புப் பூச்சு. ஆக நான்கு முறை.

பயன்படுத்திய ரிப்பனை விரித்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தவர்களுக்கு இது நன்றாகவே புரியும். முடி, புருவம், கறுப்புச் சட்டை இருந்த இடத்திலெல்லாம் சாயம் போய் ரிப்பன் வெளுத்திருக்கும். வேட்டி இருந்த இடத்தில் சாயம் அப்படியே தங்கியிருக்கும். மெஜந்தாத் துண்டில் முகம் எதிர்மறையாக, கண் இமை வரை துல்லியமாகத் தெரியும். (பாஸ்போர்ட் போட்டோவுக்கு வருகிறவர்களின் முகங்கள் இப்படிச் சுருள் சுருளாகக் குப்பைக்குப் போகின்றன. அதைக் கிழித்துப் போடும் கடைகள் குறைவு.) அச்சைப் பூதக்கண்ணாடியில் பார்த்தால் இன்னொன்று விளங்கும். இன்க்ஜெட் அச்சில் வெளிர் நிறம் என்பது வெள்ளையில் சிதறிய சிறு புள்ளிகள். இங்கே புள்ளிகளே இல்லை. ஒவ்வொரு இடமும் தானே வெளிர்ந்தோ அடர்ந்தோ இருக்கிறது. 4800 புள்ளி இன்க்ஜெட்டுடன் 300 புள்ளி தெர்மல் போட்டி போடுவது இதனால்தான். 16க்கு 16 புள்ளிக் கட்டத்தை நிரப்பித்தான் இன்க்ஜெட் 256 படிகளைக் காட்ட முடியும்; 4800ஐ 16ஆல் வகுத்தால் 300 வந்துவிடுகிறது.

சரி, கண்ணுக்கு எத்தனை படி வேண்டும்? நல்ல வெளிச்சத்தில், பக்கத்துப் பக்கத்தில் வைத்த இரண்டு சாம்பல் நிறங்களின் ஒளியில் ஏறக்குறைய 1 விழுக்காடு வேறுபாடு இருந்தால் கண் பிரித்துவிடும். அச்சுக்காரர்கள் பேசும் அடர்த்திக் கணக்கில், அதாவது மடக்கை அளவில், இது 0.0043. இந்த அச்சின் கறுப்பு அடர்த்தி சுமார் 2 என்று கொண்டால், வெள்ளையிலிருந்து கறுப்பு வரை 460 படிகள் வருகின்றன. இது உச்ச வரம்பு. இருண்ட பகுதிகளில் கண் இவ்வளவு கூர்மையாக இருப்பதில்லை. படத்தில் இயல்பாகவே இருக்கும் சொரசொரப்பும் படிகளை மறைத்துவிடும். ஆகவே சரியான இடைவெளியில் வைத்தால் 200 சொச்சம் படிகளே நடைமுறைக்குப் போதும். மருத்துவப் படங்களுக்கான டைகாம் தரம் இந்தச் ‘சரியான இடைவெளி’யை முறைப்படுத்தியிருக்கிறது. பார்டென் என்பவரின் கண் மாதிரியை வைத்து, சதுர மீட்டருக்கு 0.05 கேண்டலா முதல் ஏறக்குறைய 4000 வரையான ஒளிர்வை, கண் பிரித்தறியும் 1023 படிகளாக அது பிரிக்கிறது. ஸ்டுடியோ அச்சுக்கு அவ்வளவு வீச்சு தேவையில்லை. அதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம் ஒன்று உண்டு: படிகள் கண்ணுக்குச் சமமாக இருக்க வேண்டும், எந்திரத்துக்கு அல்ல.

எந்திரமோ தனக்குச் சமமாகத்தான் படி வைக்கும். சிக்கல் இங்கே தொடங்குகிறது. ஒரு புள்ளிக்கு 0 முதல் 255 வரை மின்துடிப்புகள் கொடுக்கலாம் என்று வைத்துக்கொள்வோம். துடிப்பைக் கூட்டக் கூட்ட அடர்த்தி நேர்கோட்டில் ஏறாது. முதலில் சில துடிப்புகள் ரிப்பனைச் சூடாக்கவே செலவாகும், சாயம் நகராது. பிறகு மெல்ல ஏறும், நடுவில் செங்குத்தாக ஏறும், கடைசியில் சாயமும் ஏற்பு அடுக்கும் நிறைந்து தட்டையாகும். ஓர் எடுத்துக்காட்டுக்கு, முதல் 50 துடிப்பு சூட்டுக்கே போய்விட்டதென்றால், மீதி 205 துடிப்பில் 2 அடர்த்தியை எட்ட வேண்டும். சராசரியாகத் துடிப்புக்கு 0.01. செங்குத்தான நடுப்பகுதியில் இது இரட்டிப்பாகி 0.02 ஆகும். அதாவது ஒரே ஒரு படி மாறினால் ஒளி நாலரை விழுக்காடு மாறுகிறது. கண்ணின் வரம்பைப்போல் நான்கு மடங்குக்கும் மேல். தொடக்கத்திலும் முடிவிலும் ஒன்றுக்கொன்று வேறுபாடே தெரியாத படிகள் குவிந்து கிடக்க, நடுவில் பஞ்சம்.

அந்த நடுவில் வருவது எது என்பதுதான் நமக்கு முக்கியம். வெள்ளை வேட்டியின் மடிப்பு 0.1, 0.2 அடர்த்தியில் முடிந்துவிடும். கறுத்த முடி 1.7க்கு மேலே போய்விடும். மாநிறத் தோலும் கறுத்த தோலும், அவற்றின் மேல் விழும் நிழலும், பெரும்பாலும் 0.5க்கும் 1.1க்கும் இடையில் வருகின்றன. துடிப்புக்கேற்ப அடர்த்தி ஏறும் அந்த வளைவு செங்குத்தாகத் தொடங்கும் இடமே அது. வெளிர்ந்த தோலுக்கு அந்தப் பஞ்சம் அவ்வளவாக உறைக்காது. பிலிம் காலத்தில் கோடாக் ஆய்வகங்கள் நிறச் சமன் பார்க்க வெள்ளைப் பெண்ணின் படம் கொண்ட ‘ஷெர்லி’ அட்டையை வைத்திருந்தன. கனடிய ஆய்வாளர் லோர்னா ராத் 2009இல் அதைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். தெர்மல் பிரிண்டரில் அப்படி யாரும் அட்டை வைத்துச் செய்ததாகச் சொல்ல வரவில்லை. இங்கே வளைவின் வடிவமே அந்த வேலையைச் செய்துவிடுகிறது. ஆகவே நம் ஊர்க் கடையில் பிரிண்டரைச் சோதிக்கிறவர் சாம்பல் பட்டையை மட்டும் அச்சடித்துப் பார்ப்பது போதாது. பழுப்பிலிருந்து அடர்பழுப்புக்குப் போகும் ஒரு பட்டையையும் சேர்த்து அடிக்க வேண்டும்.

இதற்கு முதலில் தோன்றிய தீர்வு துடிப்புகளைக் கூட்டுவது. 255க்குப் பதில் 1023 கொடுத்துவிட்டு, அவற்றிலிருந்து கண்ணுக்குச் சமமான இடைவெளி உள்ள 256ஐ மட்டும் அட்டவணை போட்டுப் பொறுக்கிக்கொள்ளலாம். நடுவில் படி 0.005 ஆகக் குறையும்; கண்ணின் வரம்புக்கு அருகில் வந்துவிட்டோம். விலை என்ன? ஹெட்டில் ஒவ்வொரு மின்தடைக்கும் ஒரு நேரத்தில் ‘சுடு’ அல்லது ‘சும்மா இரு’ என்ற ஒரே பிட்டைத்தான் சொல்ல முடியும். ஒரு வரிக்கு 1844 புள்ளிகளின் பிட்டுகளை 255 முறை ஏற்ற வேண்டும், சுமார் 4.7 லட்சம் பிட். 1023 ஆனால் கிட்டத்தட்ட 19 லட்சம். மண்டபத்தில் பூத்துக்கு முன்னால் விருந்தாளிகள் வரிசையில் நிற்கையில் ஒரு படம் பத்துப் பதினைந்து விநாடிகளில் வெளியே வந்தாக வேண்டும். வேகமும் ஷேடும் ஒரே குழாயில் தண்ணீர் பிடிக்கின்றன.

குறுக்குவழி ஒன்று கண்டுபிடித்தார்கள். துடிப்புகளை 1, 2, 4, 8 என்று இரட்டிப்பு நீளத்தில் வைத்தால் 8 ஏற்றத்தில் 256 படி, 10 ஏற்றத்தில் 1024 படி. காகிதத்தில் அழகான தீர்வு. ஆனால் வெப்பம் பைனரியில் கூட்டல் போடாது. 128 என்ற படி ஒரே நீண்ட துடிப்பு. அதற்கு ஒரு படி கீழே உள்ள 127, ஏழு சிறு துடிப்புகள். இடையிடையே மின்தடை சற்று ஆறிவிடுவதால் இரண்டும் ஒரே உச்சச் சூட்டை எட்டுவதில்லை. 127க்கும் 128க்கும் இடையில் ஒரு தாவல் விழும். சில அமைப்புகளில் வரிசையே தலைகீழாகும். கன்னத்தின் குறுக்கே ஒரு மெல்லிய கோடு போகும், அதற்குப் படத்தில் எந்தக் காரணமும் இருக்காது. நிலைத்தது வேறொரு வழி: துடிப்புகளின் எண்ணிக்கையை அளவாக வைத்துக்கொண்டு, அவற்றின் நீளத்தைப் படிக்குப் படி மாற்றுவது. எல்லாப் புள்ளிகளுக்கும் பொதுவான நீண்ட முன்சூடு முதலில். பிறகு வளைவு செங்குத்தாக இருக்கும் இடத்தில் குறுகிய துடிப்பு, தட்டையான இடத்தில் நீண்ட துடிப்பு. எந்தப் படியும் வீணாகாமல் 256உம் தேவையான இடத்தில் போய் நிற்கும். புதிதாக வன்பொருள் எதுவும் கேட்காத இந்த முறைதான், என் மதிப்பில், இத்துறையில் செலவுக்கு மேல் பலன் கொடுத்த மாற்றம்.

இத்தனையும் செய்த பிறகும் பட்டை போகவில்லை என்றால்? பிட் எண்ணிக்கையைப் பற்றிப் பேசுகிறவர்கள் பலரும் நின்றுவிடும் இடம் இது. மேலே சொன்ன அதே எடுத்துக்காட்டில் நடுப்பகுதியை, ஏறக்குறைய 150ஆவது துடிப்பை, எடுத்துக்கொள்வோம். அங்கே வெப்பத்தில் 1 விழுக்காடு பிழை என்றால் ஒன்றரைத் துடிப்பு, அடர்த்தியில் 0.03. எட்டு பிட் (255 துடிப்பு) கருவியில் ஒரு படிக்கு மேல் தவறு. பத்து பிட் (1023 துடிப்பு) கருவியில் ஆறு படி தவறு. 24 வோல்ட் மின்வழங்கி 0.24 வோல்ட் இறங்கினால் போதும், திறன் வோல்ட்டின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால் வெப்பம் 2 விழுக்காடு குறைந்துவிடும். வெப்பத்தை நூற்றில் ஒரு பங்கு துல்லியத்தில்கூடப் பிடித்துவைக்க முடியாத கருவிக்கு 1024 படி கொடுப்பதில் பெரிய பொருளில்லை. உண்மையான ஷேடு நுணுக்கத்தைத் தீர்மானிப்பது துடிப்புகளின் எண்ணிக்கையைவிட, ஒவ்வொரு துடிப்பின்போதும் மின்தடை எவ்வளவு சூட்டில் இருக்கிறது என்று கருவிக்குத் தெரியுமா என்பதே.

தோசைக்கல் போலத்தான் ஹெட்டும்: முதல் தோசையும் ஐந்தாவது தோசையும் ஒரே நேரம் வைத்தாலும் ஒரே மாதிரி சிவக்காது. ஆனால் இங்கே கல் ஒன்றல்ல, மூன்று அடுக்கு. மின்தடையும் அதன் கீழுள்ள கண்ணாடிப் பூச்சும் சில மில்லிவிநாடிகளில் சூடாகி ஆறுகின்றன. முந்தைய வரியின் நினைவு அங்கே இருக்கும். அதற்கடியில் உள்ள பீங்கான் தகடு அதைவிட மெதுவாக மாறும். படத்தின் மேல்பாதியில் அடர்ந்த கூந்தல் இருந்தால் கீழ்ப்பாதியின் நெற்றி சற்றுக் கூடுதலாகக் கறுக்கும். எல்லாவற்றுக்கும் அடியில் வெப்பத்தை வாங்கிக்கொள்ளும் அலுமினியக் கட்டை நிமிடக் கணக்கில் சூடேறும். காலையில் எடுத்த முதல் அச்சும் தொடர்ந்து ஐம்பது அடித்த பிறகு எடுத்த அச்சும் வேறுபடுவது அதனால்.

கட்டையின் சூட்டை ஒரு தெர்மிஸ்டர் வைத்து அளந்துவிடலாம். மற்ற இரண்டையும் அளக்க வழியில்லை, ஊகிக்கத்தான் வேண்டும். ஒவ்வொரு புள்ளிக்கும் ‘இதுவரை கொடுத்த சூட்டில் எவ்வளவு மிச்சம் இருக்கும்’ என்று ஓர் எண்ணை நினைவில் வைத்து, வரிக்கு வரி அதைக் கொஞ்சம் தேய்த்து, புதிதாகக் கொடுத்ததைச் சேர்த்து, பக்கத்துப் புள்ளிகளிலிருந்து கசிந்து வருவதையும் கூட்டி, அந்த அளவுக்கு அடுத்த வரியின் துடிப்பைக் குறைக்கிறார்கள். இதைச் செய்யாத கருவியில் கறுப்புக் கோட்டின் விளிம்பிலிருந்து வெள்ளைக்குள் ஒரு வால் நீளும். செய்த கருவியிலும் தேய்மான விகிதம் கொஞ்சம் பிசகினால் வால் எதிர்த்திசைக்கு மாறி, கோட்டை ஒட்டி வெளிர்ந்த ஓரம் தெரியும். கூந்தலுக்கும் நெற்றிக்கும் இடையில் வகிடு போல் ஒரு வெள்ளை ஓரம் தெரிந்தால் கேமராவைத் திட்டும் முன் இதைச் சந்தேகிக்கலாம்.

மின்சாரச் சுமையும் இதே வகைத் தொல்லைதான். மின்தடை ஒன்று 5000 ஓம் என்று கொண்டால் 24 வோல்ட்டில் அதற்கு 0.115 வாட், 1844உம் ஒரே நேரத்தில் எரிந்தால் 200 வாட்டுக்கு மேல். பாதிப் புள்ளிகள் அணைந்ததும் வோல்ட் சற்று ஏறும், எரிகின்ற மற்றவை கூடுதலாகச் சுடும். பின்னணியில் உள்ள வெள்ளைத் தூண் முடியும் வரியில் முகத்தின் நிறம் சட்டென்று மாறுவது இப்படி. ஒவ்வொரு துடிப்பிலும் எத்தனை புள்ளி எரிகிறது என்று எண்ணி அதற்கேற்பத் துடிப்பை நீட்டுவது வழக்கமான மருந்து. மின்தடைகள் தங்களுக்குள் சில விழுக்காடு வேறுபடுவதால் காகிதம் ஓடும் திசையில் விழும் நீளக்கோடுகளுக்கும், ஒவ்வொன்றையும் அளந்து தனித்தனித் திருத்தம் வைப்பார்கள். அதையும் மீறி ஒரே ஒரு வெள்ளைக் கோடு நேராகப் போனால் அது பெரும்பாலும் தூசிதான். ஹெட்டை ஐபிஏ (ஐசோபுரோப்பைல் ஆல்கஹால்) தொட்ட பஞ்சால் துடைத்தால் போய்விடும்.

இங்கே ஒரு முரண் உண்டு. பழைய, கொஞ்சம் சொரசொரப்பான பிரிண்டர்களில் பட்டை அவ்வளவாகக் கண்ணில் படாது. வெப்பத்தைச் சுத்தமாகக் கட்டுப்படுத்தக் கட்டுப்படுத்தப் படிகளின் விளிம்பு தெளிவாகும். ஆகவே கட்டுப்பாடு முன்னேறிய பிறகு சொரசொரப்பை வேண்டுமென்றே, ஆனால் கணக்காக, திரும்பச் சேர்த்தார்கள். 140.5 என்ற ஷேடு வேண்டுமென்றால் ஒரு புள்ளிக்கு 140, அடுத்ததற்கு 141. 300 புள்ளி அச்சை 30 செ.மீ. தூரத்தில் வைத்துப் பார்த்தால் கண்ணின் ஒரு பாகைக்குள் 62 புள்ளிகள் வந்துவிடும். அவ்வளவு நெருக்கத்தில் ஒரு படி ஏறி இறங்குவது தெரியாது, சராசரிதான் தெரியும். எட்டு பிட் ஹெட்டிலிருந்து ஒன்பது, பத்து பிட் ஷேடு கிடைக்கிறது, ஒரு கூடுதல் துடிப்பும் இல்லாமல். டிஎன்பி பிரிண்டர்களில் காகிதம் ஓடும் திசையில் 600 கோடு போடும் நிலையும் எழுத்துக் கூர்மைக்கு மட்டும் உதவுவதல்ல. ஒரு வரியை இரண்டாகப் பிரித்துத் தனித்தனிப் படி கொடுக்கலாம் என்பதால் ஷேடுக்கும் அதில் இடமுண்டு. நேரம் கூடும் என்பதால் கடைக்காரர்கள் பலர் அதைத் தொடுவதில்லை.

சாயத்தின் பக்கத்தில் செய்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். காகிதத்தின் ஏற்பு அடுக்குக்கு அடியில் நுண்ணிய காற்றுக்குமிழிகள் கொண்ட பிளாஸ்டிக் அடுக்கு வைத்ததால் வெப்பம் கீழே ஓடிப்போகாமல் நின்றது, ஹெட்டும் காகிதமும் சீராகத் தொட்டன; வெளிர் பகுதிகளின் சொரசொரப்பு வெகுவாகக் குறைந்தது. தீராத தொல்லை, சாயங்கள் ஒன்றையொன்று தொடுவது. மெஜந்தாவுக்காகச் சுடும்போது முன்பு இறங்கிய மஞ்சளில் கொஞ்சம் ரிப்பனுக்கே திரும்பிப் போகிறது. மூன்று வளைவுகளும் தொடங்கும் இடமும் ஒன்றல்ல. அதனால்தான் வெள்ளைப் பட்டுவேட்டியின் மடிப்பில் ஒரு பக்கம் ரோஜாச் சாயலும் மறுபக்கம் பச்சைச் சாயலும் தட்டுகின்றன. ஒவ்வொரு சாயத்தையும் தனித்தனியாகச் சீராக்கி இதைத் தீர்க்க முடியாது. மூன்றையும் சேர்த்து, 17க்கு 17க்கு 17 என்று 4913 நிறச் சேர்க்கைகள் கொண்ட அட்டவணை ஒன்றைப் போட்டு, இடையில் வருவதைக் கணித்துக்கொள்வது போன்ற முறைகள்தான் உதவுகின்றன.

ரிப்பனே இல்லாத வழிகளும் வந்தன. ஃபியூஜியின் தெர்மோ ஆட்டோக்ரோம் காகிதத்துக்குள்ளேயே மூன்று நிற அடுக்குகளை வைத்து, ஒன்றைச் சூட்டால் எழுப்பி, புற ஊதா ஒளியால் உறையவைத்து, அடுத்ததற்குப் போனது. போலராய்டிலிருந்து பிரிந்த ஜிங்க், எவ்வளவு சூடு, எவ்வளவு நேரம் என்பதை வைத்தே மூன்று அடுக்குகளையும் பிரித்து எழுப்புகிறது. கையடக்கத்துக்கு அருமையான வழி. ஷேடுக்கு அல்ல, ஒரே ஹெட்டின் ஒரே சூட்டில் மூன்று நிறங்களும் பங்கு கேட்டால் ஒவ்வொன்றுக்கும் கிடைக்கும் கட்டுப்பாடு குறையத்தான் செய்யும்.

பிரிண்டருக்கு வெளியிலும் படிகள் தொலைகின்றன, அதைக் கடைக்காரரே தடுக்கலாம். கேமரா தரும் ஜேபெக்கில் நிறத்துக்கு 256 படிதான். அதை எட்டு பிட்டிலேயே ஒரு காமா திருத்தத்துக்கு உட்படுத்தினால், எடுத்துக்காட்டாக 2.2 அடுக்குக்கு உயர்த்தினால், 0 முதல் 14 வரையான 15 படிகளும் ஒரே பூச்சியமாகிவிடும். முடியின் நிழல் விவரம் அங்கேயே முடிந்தது. ஆல்பம் மென்பொருளில் ஒருமுறை, எடிட்டிங்கில் ஒருமுறை, டிரைவரில் ஒருமுறை என்று மூன்று இடத்தில் ‘கொஞ்சம் பிரைட்’ கூட்டுகிற பழக்கம் எந்த ஹெட்டையும் தோற்கடிக்கும். கேமராவின் ரா (RAW) கோப்பிலிருந்து 16 பிட்டில் திருத்தி, எல்லா மாற்றத்தையும் ஒரே இடத்தில் செய்து, கடைசியில் ஒரே ஒருமுறை எட்டு பிட்டுக்கு இறக்குவது நல்லது. இறக்கும்போது மென்பொருளில் டிதர் வசதி (மேலே சொன்னதுபோல் கணக்காகச் சொரசொரப்பைச் சேர்ப்பது) இருந்தால் அதைப் போடலாம். மேட் பூச்சு பட்டைகளை ஓரளவு மறைக்கும். அது திருத்தமல்ல, திரை. ஆனாலும் அவசரத்துக்கு உதவும்.

இன்னும் திறக்காத கதவு ஒன்று இருக்கிறது. துடிப்பு நீளங்கள், வெப்ப நினைவின் தேய்மான விகிதம், மின்தடைத் திருத்தம் ஆகிய எல்லாமே கருவிக்குள் பூட்டிய அட்டவணைகள். ஆலையில் புது ஹெட்டுக்கும் புது ரிப்பனுக்கும் அளந்து எழுதியவை. ஆயிரக்கணக்கான அச்சுக்குப் பிறகு மின்தடைகள் மாறுகின்றன, காகிதத்தை ஹெட்டோடு அழுத்தும் ரப்பர் உருளை கெட்டியாகிறது. அட்டவணை அப்படியே இருக்கிறது. தன் அச்சைத் தானே அளந்து பார்க்கும் உணரி சிறிய பிரிண்டர்களில் கிடையாது. கடைக்காரர் வெளியே நிறமானி வாங்கி, சோதனை அட்டை அடித்து, புது நிறச் சுயவிவரம் போட்டுக்கொள்ளலாம். அது எட்டு பிட் படத்தின் பக்கத்தில் மட்டுமே வேலை செய்யும். ஹெட்டின் வளைவில் நடுப்பகுதி செங்குத்தாகிவிட்டிருந்தால் இருக்கும் படிகளை இடம் மாற்றுமே தவிர, புதுப் படி ஒன்றைக்கூடச் சேர்க்காது. உள் அட்டவணையைப் பயனரே மறுபடி அளந்து எழுதிக்கொள்ள விடும் ஒரு பிரிண்டர் நடுத்தர விலையில் வந்தால், பத்து பிட், பன்னிரண்டு பிட் என்ற விளம்பர எண்களைவிட அதுவே இந்தத் துறைக்கு அதிகம் செய்யும்.